செவுளுக்கு ஒரு சிவப்பு

“இது எங்கள் நீலம் இல்லை” என்று மாசத்துக்கு ஒருத்தராவது எனக்கு எழுதிவிடுவார்கள். பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மேனேஜர், தன் கம்பெனிக்காக நான் செய்து அனுப்பிய ஸ்லைடுகளைப் போனில் திறந்து, வெயிலில் நின்று பார்த்துவிட்டு, நீலம் மாறிப்போச்சு என்பார். அவர்கள் கொடுத்த ஆறெழுத்து நிற எண்ணைத்தான் நான் போட்டிருப்பேன். எண் மாறாது, நிறம் மாறும். அவர் போனில் ஒரு நீலம், என் லேப்டாப்பில் ஒரு நீலம், மீட்டிங் அறைச் சுவரில் புரொஜக்டர் துப்புவது இன்னொரு நீலம். இதை விளக்கி ஒரு பக்கம் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். அடுத்த மாசம் அதே கேள்வியும் வரும். எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

இந்த வேலையை நான் செய்வது மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலோரத்தில், எங்கள் வீட்டு மாடி அறையில். உப்புக்காற்றில் வருசத்துக்கு ஒரு கீபோர்டு துருப்பிடித்துப் போகும். ஊரில் என் வேலை என்னவென்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. “கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கா” என்று சொல்லிக்கொள்வார்கள். முதலில் கோவம் வந்தது, அப்புறம் விட்டுவிட்டேன். எனக்குக் கோவம் கொஞ்சம் சீக்கிரம் வரும், அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் நிறத்தில் மட்டும் நான் ஏமாந்தது கிடையாது. கடைக்காரர் மெரூன் என்று கொடுக்கிற சேலை மெரூன் இல்லை என்று சொல்லி, நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சண்டை போட்டிருக்கிறேன். ஜெயித்தும் இருக்கிறேன்.

போன வருசம் ஒருநாள் மைனி மாடியேறி வந்தாள். என் அண்ணன் மனைவி. அண்ணன் வளைகுடாவில் படகில் வேலை பார்க்கிறான், மைனி இங்கே மீன் விற்கிறாள். விடியக்காலையில் கரையில் ஏலம் எடுத்து, வாயகன்ற சருவப் பாத்திரத்தில் வைத்துத் தலையில் சுமந்து, பஸ் ஏறி, குழித்துறைப் பக்கம் வீடு வீடாகப் போவாள். இருபது வருசமாக அதே தெருக்கள், அதே வீடுகள். என்னைவிட நாலு வயசுதான் மூப்பு. ஆனால் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. கை விறைத்துப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனித் தலையில் ஒரு கிலோ கூடச் சுமக்கக்கூடாது, சுமந்தால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

“ஏட்டி, நீ எனக்கு ஒரு காரியம் செய்யணும்” என்றாள் மைனி. அவளும் கூட ஏழு பெண்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். திருவனந்தபுரத்தில் நாலைந்து ஓட்டல்கள் நடத்தும் ஒரு கம்பெனி, தினமும் கரைக்கு வரும் மீனைக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி வண்டியே கரைக்கு வந்துவிடும். மீனைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கினால் போதும், சுமக்க வேண்டாம். மைனிக்கு அது கிடைத்தே தீரவேண்டும். வேறு தொழில் தெரியாது, அண்ணன் அனுப்புவதில் பிள்ளைகளின் படிப்புதான் நடக்கும்.

அவர்கள் ஆபீசில் போய்ப் பத்து நிமிசம் பேசவேண்டும், ஸ்லைடு போட்டுக் காட்டவேண்டும் என்று மெயில் வந்திருந்தது.

“மீனைக் கொண்டுபோயி மேசையில வச்சாத் தீந்துது. படம் என்னத்துக்கு?” என்றாள்.

நானும் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மீனை நேரில் பார்ப்பது இரண்டாம் சுற்றில்தானாம். முதல் சுற்றுக்கு ஸ்லைடு மட்டும். மீன் வாங்குகிறவனுக்கு மீனைப் பார்க்க வேண்டாமாம், படத்தைப் பார்க்கணுமாம். சவம், யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் காலையில் கரைக்குப் போய்ப் படம் எடுத்தேன். நெய்மீன், விளமீன், அயிலை, சாளை. மைனி ஒவ்வொரு மீனாக எடுத்து, பெருவிரலால் செவுளைத் திறந்து பிடித்தாள். மீன் வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கண்ணைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். எட்டுப் படத்தில் அந்தச் செவுள் படம்தான் முக்கியம் என்று எனக்கும் தெரிந்தது. நாலாவது ஸ்லைடு முழுக்க அதை ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தேன். பக்கத்தில் “இன்று காலை” என்று இரண்டே வார்த்தை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். “இது நேத்தைய மீனு” என்றாள்.

“என்ன மைனி சொல்லுதிய? இன்னைக்குக் காலம்பற நீங்கதானே பிடிச்சுக் காட்டினிய?”

“எடுத்தது இன்னைக்கு. இதுல கெடக்கது நேத்தைய மீனு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரிதான். போன் கேமராவுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. நாம் பார்க்கிற நிறத்தை எடுக்காமல், நமக்குப் பிடிக்கும் என்று அது நினைக்கிற நிறத்தை எடுக்கும். மனுசர் தோல் அழகாகத் தெரிவதற்காகச் சிவப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்திவிடும். மைனியின் விரல் அழகாகத்தான் விழுந்திருந்தது. செவுள் செத்துக் கிடந்தது.

சரி, திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். “இது ஐஸில கெடந்தது” என்றாள். இன்னும் கொஞ்சம். “இது காலம்பற பிடிச்சு உச்சை வரைக்கும் விக்காமக் கெடந்தது.” நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மைனி முகத்தைச் சுளித்தாள். “அய்யே. இது ரத்தம் தேச்ச மீனு. கள்ளத்தனம் செய்யவ கொண்டு வருவாளே, அது.”

“என்ன நிறம் வேணும்னு சொல்லுங்க மைனி. மாதுளம்பழ நிறமா, செம்பருத்தி நிறமா, என்ன நிறம்?”

“நிறமெல்லாம் எனக்கென்ன தெரியும்? கரையேறிக் கால் மணிக்கூறு ஆன மீனு மாதிரி இருக்கணும்.”

என் பிழைப்பில் எத்தனையோ கம்பெனிகளின் நீலத்தையும் பச்சையையும் பார்த்திருக்கிறேன். கால் மணிக்கூறு என்று எவனும் நிறம் கேட்டதில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்குக் கீழே இறங்கிப்போய்ச் சோறு வடித்தாள்.

மறுநாள் நான் ஒரு வழி செய்தேன். கரையிலிருந்து ஒரு விளமீனை நேராக மாடிக்கே கொண்டுவரச் சொல்லி, லேப்டாப் பக்கத்தில் தட்டில் வைத்து, செவுளைத் திறந்து ஒரு குச்சி முட்டுக்கொடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் திரையில் நிறத்தைச் சேர்த்தேன். ஜன்னல் வெளிச்சம் மேசையில் விழுகிற மாதிரி நாற்காலியை மாற்றிப் போட்டேன். அறை முழுக்க மீன் வாடை. அரை மணி நேரம் உட்கார்ந்து, இம்மி பிசகாமல் சேர்த்துவிட்டு மைனியைக் கூப்பிட்டால், அவள் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள்.

“மைனி, இந்தா தட்டுல இருக்கதைப் பாருங்க, அதே நிறம்தானே?”

“அதே நிறந்தான். நீ இருந்து இருந்து மீனு பழசாயிட்டுதே மக்கா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் நிறத்தைத் தேடிப் போகப் போக அது என் முன்னாலேயே மங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் சேர்ந்தே மங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அது தெரியாமல் இம்மி பிசகவில்லை என்று பெருமை வேறு. மைனி மீனைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, “இனி இது கறிக்குத்தான்” என்று போய்விட்டாள். மத்தியானம் அந்தக் கறியையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் கோவம் வந்தது.

மூன்றாம் நாள் மைனியைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். மீன் வந்த உடனே அவள் பார்த்து, “ம், இப்பம்” என்றாள். நான் தட்டைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்தேன். இன்னும், இன்னும், போதும், கொஞ்சம் பின்னால வா, என்று அவள் சொல்லச் சொல்ல விரலை நகர்த்தினேன். இரண்டு நிமிசத்தில் வந்துவிட்டது. “கொள்ளாம்” என்றாள். மைனி வாயிலிருந்து கொள்ளாம், அதாவது நன்றாயிருக்கிறது, என்று ஒரு சொல் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தச் சிவப்பின் எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். என் வாழ்க்கையில் நான் சேர்த்த நிறங்களில் அவ்வளவு சரியாக வந்தது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அதோடு விட்டிருக்கவேண்டும். விட்டேனா?

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாதா கோயில் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். மறைக்கல்வி வகுப்புக்கு வாங்கின பழைய புரொஜக்டர் ஒன்று அங்கே உண்டு. சங்கத்துப் பெண்கள் மற்ற ஏழு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மைனி நன்றாகவே பேசினாள். நாலாவது ஸ்லைடு வந்தது. சுவரில் அந்தச் செவுள் காய்ந்த புளி நிறத்தில் விழுந்தது. பெஞ்சிலிருந்து ‘ச்சு’ என்று ஒரு சத்தம். யாரோ மூக்கைப் பொத்தினாள், வேண்டுமென்றே. எல்லோரும் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை.

“பயப்படாதிய மைனி. மிசின் பழசு, அதான். நான் சரி பண்ணிடுதேன்.”

“நீ ஒண்ணும் தொடாண்டாம். அது சரியாத்தான் இருக்கு.”

“உங்களுக்கு மீனு தெரியும். எனக்கு புரொஜக்டர் தெரியும்” என்றேன். இதை நான் சொன்ன தோரணை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. மைனி என் தொழிலில் என்னை நம்பினாள்.

எல்லா ஆபீசிலும் புரொஜக்டர் சிவப்பைத் தின்னும். இது பத்து வருசமாக நான் பார்த்தது. ஒன்றுக்கு ஒன்றரையாகப் போட்டால்தான் சுவரில் ஒன்று விழும். வீட்டுக்கு வந்து, மைனி சேர்த்துக்கொடுத்த சிவப்புக்கு மேலே இன்னும் இரண்டு கை சிவப்பு ஏற்றினேன். லேப்டாப்பில் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சுவரில் விழும்போது சரியாகிவிடும் என்று மூடிவைத்தேன். மைனியிடம் காட்டவில்லை. வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு போன் போட்டு, உங்கள் அறையில் என்ன திரை என்று கேட்டிருப்பேன். அது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. மைனி காரியம், வீட்டுக் காரியம்தானே என்று கேட்காமல் விட்டேன். எனக்கே இது புரியவில்லை. அந்நியனுக்குச் செய்கிற வேலையில் இருக்கிற கவனம் சொந்தக்காரிக்குச் செய்யும்போது எங்கே போய்த் தொலைகிறது?

திருவனந்தபுரத்தில் அந்த ஆபீஸ் எட்டாம் மாடியில். மைனி நல்ல சேலை உடுத்தி, பூ வைக்காமல், பவுடர் போட்டு வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். புரொஜக்டரே இல்லை. சுவர் அகலத்துக்கு ஒரு புது டிவித் திரை, கண்ணைப் பறிக்கிற மாதிரி. லேப்டாப்பை மாட்டச் சொன்னார்கள். மாற்றிவிடலாம் என்று நினைக்கிறதற்குள் ஆள் கூடிவிட்டது. ஐந்து பேர். நடுவில் இருந்தவர் மீன் பார்த்து வாங்குகிற அதிகாரி, ஐம்பது வயசு இருக்கும், மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார்.

மைனி தொடங்கினாள். அவர்களுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. எந்தப் படகு எப்போது கரை பிடிக்கும், எந்த மீன் எந்த மாசத்தில் கொழுத்து நெய் வைக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல அந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். நான் நாலாவது ஸ்லைடைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவசரத்தில் ஒரு பொத்தானுக்கு இன்னொன்றை அழுத்தி, நாலாவதே வந்து விழுந்தது.

சுவர் முழுக்கச் சிவப்பு. மீன் மாதிரியே இல்லை. கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி இருந்தது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். எழுந்து திரைப் பக்கமாக வந்து நின்று பார்த்தார். “போன மாசம் ஒரு கூட்டத்தார் செவுளில் சாயம் தேய்த்துக் கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய இதே நிறம்” என்று அமைதியாகச் சொன்னார். மைனி திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். 

நான் விளக்க ஆரம்பித்தேன். சும்மா இருந்திருக்கலாம். புரொஜக்டர் என்றேன், எங்கள் மண்டபம் என்றேன், சிவப்பு குறையும் என்பதால் முன்கூட்டியே ஏற்றினது என்றேன். “மீனுல போடல சார், படத்துலதான் போட்டது” என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வெளியே போய் அறைக்குள் நிற்பது எனக்கே கேட்டது. சமாளிக்கிறேன் என்று நினைத்து, அங்கேயே அந்தப் படத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க, சிவப்பைக் குறைத்துக் காட்டினேன். செவுள் பெயிண்டிலிருந்து மாதுளைக்கு வந்தது, மாதுளையிலிருந்து இளஞ்சிவப்புக்கு வந்தது. நிறுத்தத் தெரியாமல் இன்னும் கீழே போய்ப் பழுப்பாகி, திரும்ப ஏறியது. மைனியின் எண் தாளில் இருந்தது, தாள் வீட்டு மேசையில் இருந்தது. ஐந்து பேரும் அந்த மீன் புதுசாவதையும் பழசாவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மீனைக் காட்ட வந்தவள், எந்த மீனையும் நல்ல மீனாக்க முடியும் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தேன்.

“போதும் மக்கா, நிறுத்து” என்றாள் மைனி. அதிகாரியைப் பார்த்து, “சாரே, மீனு நல்ல மீனு. ஒரு நாளு கரைக்கு வந்து பாருங்க” என்றாள். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். தெரிவிக்கிறோம் என்றார். எழுந்து நின்று வணக்கமும் சொன்னார்.

லிஃப்டில் இறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். மைனி தலையை அசைத்தாள். பஸ்ஸிலும் கேட்டேன். “விடு” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி, சண்டை போட்டு, மனசு ஆறியிருக்கும். திட்டவேயில்லை. களியக்காவிளை தாண்டி அவள் தூங்கிப்போனாள். எனக்கு என் மேல் வந்த கோவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த ஒவ்வொரு விளம்பரப் பலகையையும் மனசுக்குள் ஏசிக்கொண்டே வந்தேன்.

ஐந்தாம் நாள் மெயில் வந்தது. இரண்டு வரி. வேறு ஒரு கூட்டத்தாரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், வருங்காலத்துக்கு வாழ்த்துக்களாம். நான்தான் மைனிக்குப் படித்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கீழேயிருந்து கூப்பிட்டாள். இறங்கிப் போனேன். முற்றத்தில் சருவம் நிறைய அயிலை, மேலே வாழையிலை போட்டு மூடியிருந்தது. மைனி தலையில் சும்மாடு சுற்றிவைத்திருந்தாள். நிறைந்த சருவத்தைத் தனியாகத் தூக்கித் தலையில் வைக்க யாராலும் முடியாது. இன்னொரு ஆள் கூடப் பிடித்துத்தான் ஏற்றிவிடவேண்டும்.

“டாக்டர் என்ன சொன்னாரு மைனி?”

“ஒரு கை பிடி” என்றாள்.

ஒரு விளிம்பை அவள் பிடித்தாள், மறு விளிம்பை நான். இரண்டு பேரும் குனிந்து, சேர்ந்து தூக்கி, அவள் தலையில் வைத்தோம். நான் கையை எடுத்ததும் அவள் கழுத்து கொஞ்சம் கீழே இறங்கியதைப் பார்த்தேன். வலது கையை உதறி, சரி பார்த்து, சருவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மூணாம் நாளு நாம செய்தது” என்றாள், தலையைத் திருப்ப முடியாததால் நேரே வாசலைப் பார்த்தபடி. “அது சரியாத்தானே இருந்திச்சு மக்கா?”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே சந்தேகம் வந்திருந்தது, தன் கண்ணின் மேலேயே.

“சரியாத்தான் இருந்திச்சு மைனி” என்றேன். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.